டிஎஃப் 100% என்கிறது, டியூ 17 ஜிபி என்கிறது: மீதி இடம் எங்கே?

உங்கள் கேள்வியில் உள்ள எண்களிலிருந்தே தொடங்குகிறேன். உபுண்டு லினக்ஸ் சர்வர், 40 ஜிபி டிஸ்க், ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் (டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை). டிஸ்கில் எவ்வளவு இடம் காலி என்று காட்டும் டிஎஃப் கட்டளை, 100% நிறைந்துவிட்டது என்கிறது. ஃபைல்களின் அளவைக் கூட்டிக் காட்டும் டியூ கட்டளையை ரூட்டிலிருந்து, அதாவது டைரக்டரிகளின் உச்சியிலிருந்து, ஓட்டினால் 17 ஜிபிதான் வருகிறது. 20 ஜிபிக்கு வீங்கியிருந்த லாக் ஃபைலை ஆர்எம் போட்டு அழித்தும் ஒரு எம்பி கூடத் திரும்பவில்லை. இரண்டில் எது பொய் சொல்கிறது என்று கேட்கிறீர்கள். இரண்டும் உண்மையைத்தான் சொல்கின்றன.

டிஎஃப் பேரேட்டைப் பார்த்துச் சொல்கிறது. டியூ கிடங்குக்குள் போய் மூட்டைகளை எண்ணிச் சொல்கிறது. அதாவது, எத்தனை பிளாக் (டிஸ்கின் சிறு துண்டு) காலி என்று டிஎஃப் நேராக ஃபைல் சிஸ்டத்திடமே கேட்டுவிடும். டியூ ஒவ்வொரு டைரக்டரியாக இறங்கி, அங்கே பெயரோடு இருக்கும் ஃபைல்களை மட்டும் கூட்டும். பெயர் இல்லாத ஃபைல் அதன் கணக்கில் வராது.

லினக்ஸில் ஆர்எம் நீக்குவது பெயரைத்தான். அந்த ஃபைலின் ஐநோடும் (அதன் விவரங்களை வைத்திருக்கும் பதிவு) டேட்டா பிளாக்குகளும் விடுபட இரண்டு விஷயம் நடக்க வேண்டும்: கடைசிப் பெயரும் போயிருக்க வேண்டும், எந்த ப்ராசஸும் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) அதைத் திறந்து வைத்திருக்கக் கூடாது. உங்கள் அப்ளிகேஷன் அந்த லாகை இன்னும் பிடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருக்கிறது என்பதே என் ஊகம். கணக்கும் இடிக்கவில்லை. 17-ம் 20-ம் 37. டிஸ்கை ஃபார்மேட் செய்யும்போது ஈஎக்ஸ்டி4 வழக்கமாக 5% இடத்தை ரூட் யூசருக்கென்று, அதாவது சர்வரின் நிர்வாகிக்கென்று, ஒதுக்கிவிடும். அது 2 ஜிபி. மிச்சம் ஐநோடு அட்டவணை போன்ற உள்வேலைகளுக்கு.

உறுதிப்படுத்த, திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையை, சூடோவோடு (நிர்வாகி உரிமையோடு), "+எல்1" ஆப்ஷன் கொடுத்து ஓட்டுங்கள் (எல் பெரிய எழுத்து). பெயர் போயும் திறந்தே கிடக்கும் ஃபைல்கள், ப்ராசஸ் எண்ணோடு வரிசையாக வரும். அளவு என்ற பத்தியில் 20 ஜிபி பல்லிளித்துக்கொண்டு நிற்கும்.

அந்த சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் இடம் உடனே வந்துவிடும். முழு சர்வரையும் ரீபூட் செய்யச் சொல்வார்கள், வேண்டாம்; இடம் கிடைக்கும், ஆனால் யார் பிடித்து வைத்திருந்தது என்ற தடயம் போய்விடும், அடுத்த மாதம் இதே கேள்வியோடு வருவீர்கள். ரீஸ்டார்ட்டே செய்ய முடியாத நிலை என்றால், ஓடும் ப்ராசஸ்களின் விவரம் இருக்கும் ப்ராக் டைரக்டரிக்குள் அந்த ப்ராசஸ் எண், அதற்குள் எஃப்டி (அது திறந்து வைத்திருக்கும் ஃபைல்களின் பட்டியல்), அங்கே அந்த ஃபைலுக்கான எண் என்று போய், அதைச் சுழி அளவுக்கு ட்ரங்கேட் செய்யலாம், அதாவது உள்ளே இருப்பதைக் காலியாக்கலாம். லாகுக்கு மட்டும்தான் இது. டேட்டாபேஸ் ஃபைலில் இந்த வித்தையைக் காட்டினால் டேட்டாபேஸ் போச்சு.

இனிமேல் ஓடும் லாகை ஆர்எம் செய்யாதீர்கள், ட்ரங்கேட் செய்யுங்கள். பழைய லாகை ஒதுக்கிவிட்டுப் புதியதைத் தொடங்க வைக்கும் லாக்ரொடேட் வைத்திருந்தால், பழைய ஃபைலை நகர்த்திய பிறகு சர்வீஸுக்குச் சிக்னல் போகிறதா என்று பாருங்கள். என்ஜின்எக்ஸ் வெப் சர்வருக்கு யூஎஸ்ஆர்1 சிக்னல் போனால்தான் புது ஃபைலைத் திறக்கும். இல்லாவிட்டால் பழையதிலேயே எழுதிக்கொண்டிருக்கும். அப்ளிகேஷன்களைத் தனித்தனி கன்டெய்னர்களில் ஓட்டும் டாக்கர் ஓடுகிறதென்றால் அதையும் சந்தேகப்படுங்கள். அதன் வழக்கமான ஜேசன்-ஃபைல் லாகுக்கு நீங்களாக உச்சவரம்பு வைக்காத வரை அளவே கிடையாது. ஆனால் அது பெயரோடு இருப்பதால் டியூவில் மாட்டிக்கொள்ளும்.

எல்எஸ்ஓஎஃப் ஒன்றும் காட்டவில்லையா? அப்போது இன்னொரு இடத்தைப் பார்க்க வேண்டும். ஒரு டைரக்டரிக்குள் ஃபைல்களை எழுதிய பிறகு அதன் மேலேயே வேறொரு டிஸ்கை மவுன்ட் செய்திருந்தால் (இணைத்திருந்தால்), அடியில் இருப்பவை டியூவின் கண்ணுக்குத் தெரியாது, இடம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். பேக்கப் டிஸ்க் மவுன்ட் ஆகாத ஓர் இரவில் பேக்கப் முழுவதும் ரூட் டிஸ்கிலேயே இறங்கிவிடுவது இப்படித்தான். ரூட்டை வேறொரு காலி டைரக்டரியில் பைண்ட் மவுன்ட் செய்து (அதாவது அதையே இன்னோர் இடத்திலும் தெரியவைத்து), அங்கே டியூ ஓட்டினால் அடியில் கிடப்பது வெளியே வரும்.

டிஎஃப் இடம் இருக்கிறது என்று காட்டும்போதே "டிவைஸில் இடமில்லை" என்ற பிழை வந்தால் அது வேறு நோய். டிஎஃப் கட்டளையோடு "-ஐ" (ஆங்கிலச் சிறிய எழுத்து) சேர்த்து ஓட்டுங்கள், இடத்துக்குப் பதில் ஐநோடு கணக்கு வரும். ஈஎக்ஸ்டி4 சாதாரணமாக 16 கேபிக்கு ஓர் ஐநோடு என்ற கணக்கில் ஃபார்மேட் செய்யும்போதே எண்ணிக்கையை முடிவு செய்துவிடுகிறது. பிஎச்பி செஷன் ஃபைல்கள் மாதிரி பொடிப்பொடியாக லட்சக்கணக்கில் குவிந்தால் ஐநோடு முதலில் தீர்ந்துவிடும். பிறகு கூட்ட முடியாது. குப்பையை அழிக்க வேண்டும், அல்லது டிஸ்கைப் பெரிதாக்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டம் தேவைக்கேற்ப ஐநோடுகளை உருவாக்கிக்கொள்வதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு.

ரூட் யூசருக்கான அந்த 5% ஒதுக்கீட்டை ட்யூன்2எஃப்எஸ் கட்டளை கொண்டு 1% ஆக்கலாம். 4 டிபி டேட்டா டிஸ்கில் 200 ஜிபி சும்மா கிடப்பது அநியாயம், அங்கே தாராளமாகச் செய்யுங்கள். உங்கள் 40 ஜிபி ரூட் டிஸ்கில் தொடாதீர்கள். டிஸ்க் நிறைந்த பிறகும் ரூட்டாக உள்ளே போய் நீங்கள் இதையெல்லாம் செய்ய முடிவதற்கு அந்த 2 ஜிபிதான் காரணம்.