கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்: நிபுணரின் திகதி வரும்வரை என்ன செய்வது? (கேள்வி பதில்)

முதலில் ஒன்று: நான் வைத்தியர் இல்லை. பெண்நோயியல் விடுதியிலும் பிறகு புற்றுநோய் கிளினிக்கிலும் வேலை செய்து ஓய்வு பெற்ற தாதி. ஆரம்ப நிலை என்று சொல்லப்பட்டு, நிபுணரின் திகதிக்காக வீட்டில் காத்திருக்கிற பெண்களுக்காகத்தான் இந்தக் கேள்வி பதில். எங்கள் பக்கத்தில் ஆட்கள் தவறிப்போவது அந்த இடைவெளியில்தான். ஒருத்தி பரிசாரியிடம் போய்விடுவாள், இன்னொருத்தி யாருக்கும் சொல்லாமல் கிளினிக் கொப்பியை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாள். றிப்போட்டில் உள்ளதை எழுதிக் கேட்டால் விளக்குகிறேன். எந்தச் சிகிச்சை என்பதை உங்கள் வைத்தியர்தான் சொல்லவேண்டும்.

களுவாஞ்சிகுடி, 38 வயது: அக்கா, சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துக் கலங்களை எடுத்துப் பார்த்த பப் பரிசோதனையில் பிழை இருக்கிறதென்று அனுப்பி, கழுத்திலிருந்து கூம்பு வடிவில் ஒரு துண்டை வெட்டியெடுக்கும் கூம்பு பயொப்சி செய்தார்கள். றிப்போட்டில் 1ஏ1 என்று இருக்கிறது. புற்றுநோய் சத்திரசிகிச்சை நிபுணரைப் பார்க்க ஐந்து கிழமைக்குப் பிறகுதான் திகதி. சாப்பாடு இறங்குதில்லை. அதற்குள் பரவிவிடாதா?

தங்கச்சி, உங்கள் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்பார்கள், அதனால் நீளமாகவே எழுதுகிறேன். 1ஏ1 என்றால் கட்டி உள்ளே இறங்கிய ஆழம் 3 மில்லிமீற்றருக்கு மேல் இல்லை, நுணுக்குக்காட்டியில்தான் தெரியும் அளவு. இந்த நோய்க்குக் காரணமான எச்பிவி வைரஸ் உடம்பில் தங்கி, கலங்கள் மாறி, அது புற்றுநோயாக வளர்வதற்குப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருடம் அல்லது அதற்கும் மேலே எடுக்கும். அப்படி மெதுவாக வந்தது ஐந்து கிழமைக்குள் தலைகீழாக மாறுவது வழக்கம் இல்லை. வைத்தியர் உங்களை அலட்சியப்படுத்தவில்லை, அந்தக் காலத்துக்குள் செய்ய வேலை இருக்கிறது. பயொப்சித் துண்டை இன்னொரு நோயியல் நிபுணர் திரும்பப் பார்க்கலாம், தேவைப்பட்டால் எம்ஆர்ஐ எடுப்பார்கள். கருப்பையை எடுப்பதாக இருந்தால், கூம்பு எடுத்த புண்ணின் வீக்கம் வற்றட்டும் என்று ஆறு கிழமை வரை விடுகிற நிபுணர்களும் உண்டு.

உங்கள் றிப்போட்டில் இரண்டு விடயம் பாருங்கள். வெட்டிய ஓரத்தில் நோய் இருக்கிறதா இல்லையா என்பது ஒன்று. இரத்தக்குழாய், நிணநீர்க்குழாய்களுக்குள் நோய்க்கலம் போயிருக்கிறதா என்பது மற்றது. இரண்டுமே இல்லை என்றால் சிலருக்கு அந்தக் கூம்போடேயே சிகிச்சை முடிந்துவிடும், சிலருக்குச் சாதாரணமாகக் கருப்பையை எடுப்பதோடு முடியும். நிபுணரிடம் போகும்போது இந்த இரண்டையும் வாயால் கேளுங்கள். கேட்டால் கோபிக்க மாட்டார்கள்.

காத்திருக்கக் கூடாத நிலையும் இருக்கிறது. மணிக்கு ஒரு பாட் நனைகிற அளவு இரத்தம் போனால், காய்ச்சலோடு துர்நாற்றமான வெள்ளை போனால், ஒரு கால் மட்டும் வீங்கினால், சலம் போக முடியாமல் அடைத்தால், திகதியை எல்லாம் பார்க்காமல் அன்றைக்கே பக்கத்து ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள். வண்டி இல்லாவிட்டால் அம்புலன்ஸுக்கு 1990ஐ அழையுங்கள்.

இன்னொன்று. சீனியும் பிரஷரும் கூடியிருப்பதாலும் இரத்தம் குறைந்திருப்பதாலும் சத்திரசிகிச்சை தள்ளிப்போவதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரி வரை போய், ஒப்பரேஷன் மேசைக்கு ஏறாமல் திரும்பி வருவார்கள். இந்த ஐந்து கிழமையில் உங்கள் கையில் இருப்பது அதுதான்: சீனி வருத்தம் இருந்தால் கட்டுப்படுத்துங்கள், இரும்புச் சத்துக் குளிசை தந்திருந்தால் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள், அது சத்தை உடம்பில் சேர விடாது. மீன், முட்டை, கீரை சாப்பிடுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர் என்றால் இன்றைக்கே நிறுத்துங்கள்.

காத்தான்குடி, தாய்க்காக மகள்: உம்மாவுக்கு 1பி1 என்று சொல்லியிருக்கிறார்கள். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வருகிற கிழமையே கருப்பையை எடுத்துத் தரலாம் என்கிறார்கள். வாப்பா காணியை விற்க நிற்கிறார். செய்யலாமா, சிஸ்டர்?

காணியை விற்க முன் இந்தப் பதிலை வாப்பாவிடம் வாசித்துக் காட்டுங்கள், மகள். 1பி1 என்றால் ஆழம் 5 மில்லிமீற்றருக்கு மேல், ஆனால் கட்டி 2 சென்ரிமீற்றருக்கு மேல் இல்லை. நல்லபடியாகக் குணமாகிற நிலை. ஆனால் முதல் சத்திரசிகிச்சை சரியானதாக இருக்கவேண்டும். எம்ஆர்ஐ இல்லாமல், நிணநீர்க் கணுக்களைப் பார்க்காமல், புற்றுநோய் அல்லாத ஃபைப்ரொயிட் கட்டிக்கு எடுப்பதுபோல அவசரமாகக் கருப்பையை மட்டும் எடுத்துவிட்டால், பிறகு மிச்சம் இருக்கிறது என்று கதிர்ச்சிகிச்சையும் சேர்த்துக் கொடுக்க நேரும். இரண்டின் பக்கவிளைவையும் உம்மாதான் தாங்கவேண்டும்.

கேட்கவேண்டிய கேள்வி "எப்ப செய்வீங்க" இல்லை, "செய்கிறவர் பெண்நோயியல் புற்றுநோய் சத்திரசிகிச்சையில் பயிற்சி பெற்றவரா" என்பது. அடுத்தது, சின்னத் துளை வழியாகச் செய்வோம், வடுவே தெரியாது என்று சொன்னால் யோசியுங்கள். 2018இல் வந்த பெரிய ஆய்வு ஒன்றில், இந்த நோய்க்குச் சுற்றுத்திசுக்களோடு சேர்த்துக் கருப்பையை எடுக்கும்போது, துளை வழியாகச் செய்தவர்களுக்கு நோய் திரும்பி வந்ததும் இறப்பும் வயிற்றைத் திறந்து செய்தவர்களைவிட அதிகமாக இருந்தது. 2 சென்ரிமீற்றருக்குள் இருக்கிற, ஆபத்துக் குறைந்த கட்டிக்குப் பெரிய சத்திரசிகிச்சை தேவையில்லை, சாதாரணமாகக் கருப்பையை எடுப்பதே போதும் என்று 2024இல் இன்னொரு ஆய்வு வந்தது. உம்மா அந்த வகைக்குள் வருவாரா என்று அளந்து பார்த்துச் சொல்லத்தான் நிபுணர்.

காசு செலவழிக்க முடியுமென்றால் எம்ஆர்ஐயை வெளியில் எடுத்துக் கொடுங்கள். அதில் நாள் மிச்சமாகும்.

செட்டிபாளையம்: பயொப்சி எடுத்தால் கத்தி பட்டுப் பரவும் என்று மாமி சொல்கிறார்.

பரவாது. மாமியையும் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள்.

வாழைச்சேனை: எனக்கு சிஐஎன் 3 என்று எழுதியிருக்கு. இதுவும் புற்றுநோய்தானா?

இல்லை, அதற்கு முந்திய நிலை. நியூசிலாந்தில் ஒரு காலத்தில் இதற்குச் சரியான சிகிச்சை கொடுக்காமல் விடப்பட்ட பெண்களைப் பின்னர் ஆராய்ந்தபோது, 30 வருடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. ஆகவே இன்றைக்கே வரும் என்று பதற வேண்டாம், வராது என்று விட்டுவிடவும் வேண்டாம். அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடுவார்கள்.

அக்கரைப்பற்று, 29 வயது: போன வருடம்தான் கலியாணம். இன்னும் பிள்ளை இல்லை. இதைக் கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் இதை நிபுணரிடம் முதல் நாளே, முதல் பேச்சிலேயே சொல்லவேண்டும், ஒப்பரேஷன் கடிதத்தில் ஒப்பமிட்ட பிறகு இல்லை. 1ஏ1க்கு ஓரம் சுத்தமாக இருந்தால் கூம்பே போதுமாக இருக்கலாம். அதைவிடக் கொஞ்சம் பெரிய, 2 சென்ரிமீற்றருக்குள் இருக்கிற கட்டிக்குக் கழுத்துப் பகுதியை மட்டும் எடுத்துக் கருப்பையை விட்டுவைக்கிற சத்திரசிகிச்சையும் உண்டு. அப்படிச் செய்த பிறகு பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். குறைமாதப் பிரசவத்துக்கான ஆபத்துக் கூடும், அதனால் கர்ப்பம் தரித்தால் ஆரம்பத்திலிருந்தே பெரிய ஆஸ்பத்திரியில் காட்டவேண்டும். கணவரையும் கூட்டிப் போங்கள்.

ஏறாவூரிலிருந்து ஒரு சகோதரர்: இது ஒழுக்கமில்லாதவர்களுக்கு வருகிற நோய் என்று படித்தேன். அதைச் சொல்லாமல் ஏன் மறைக்கிறீர்கள்?

கல்முனை: அக்கா, இவருக்குப் பதில் சொல்லுங்கோ. இதே கதையால் என்ர வீட்டுக்காரர் என்னோட கதைக்கிறதை விட்டு ரெண்டு மாசம். நானும் திகதிக்குப் போகல்ல.

தம்பி, மற்றக் கேள்விகளை நிறுத்திவைத்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். கல்முனைத் தங்கச்சி எழுதியதைத் திரும்ப வாசியுங்கள். நோயை விட்டுவிட்டு இந்தக் கதையால் ஒரு பெண் இரண்டு மாதத்தைத் தொலைத்திருக்கிறாள்.

எச்பிவி உடலுறவால் தொற்றும், உண்மை. யாரும் மறைக்கவில்லை. இந்த வைரஸுக்கும் இந்தப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்ததற்குத்தான் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆனால் மணமாகி வாழ்கிற ஆண்களிலும் பெண்களிலும் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒருதரமாவது இது வந்து போகும். காய்ச்சல் இல்லை, நோவு இல்லை, வந்ததே தெரியாது. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். சிலருக்கு மட்டும் தங்குகிறது, அதிலும் 16, 18 என்ற இரண்டு வகைதான் இந்தப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்குக் காரணம். வருடக்கணக்கில் உறங்கிக் கிடந்தும் வெளிப்படும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல உலகத்தில் ஒரு பரிசோதனையும் கிடையாது. வாழ்க்கையில் ஒரே ஒருவரோடு மட்டும் வாழ்ந்த பெண்ணுக்கும் வரும். இதை வைத்து மனைவியையும் சந்தேகிக்க முடியாது, கணவனையும் சந்தேகிக்க முடியாது.

ஏறாவூர் சகோதரர் மறுபடி: அப்படியானால் நம் உம்மம்மா காலத்தில் ஏன் இந்த நோய் இல்லை?

இருந்தது. மாதவிடாய் நின்று பல வருடம் கழித்து இரத்தம் போன கிழவிகளைப் பெரும்பாடு என்று சொல்லி மூலை அறையில் படுக்க வைத்திருந்தார்கள். பப் பரிசோதனையும் இல்லை, ஒருவரும் உள்ளே பார்க்கவும் இல்லை. பெயர் வைக்காமலே அடக்கம் செய்தார்கள். நான் விடுதியில் இருந்த காலத்திலும் முற்றிய பிறகே வந்த தாய்மார் எத்தனை பேர், "பிள்ளைகளுக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது" என்பார்கள். அந்த வெட்கத்தை உண்டாக்குகிற பேச்சு இது. இதற்கு மேல் இதே வாதத்துக்கு நான் பதில் எழுதப்போவதில்லை.

கல்முனைத் தங்கச்சி: திகதி தவறினால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று பயப்படாதீர்கள். கொப்பியோடு அடுத்த கிளினிக் நாளுக்கே போங்கள், உண்மையைச் சொல்லுங்கள், புதுத் திகதி தருவார்கள். வீட்டுக்காரரைக் கூட்டிவந்தால் வைத்தியரே அவருக்கு விளக்குவார். வராவிட்டால் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்து கதைப்பார். இரண்டு மாதம் போய்விட்டதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

ஆரையம்பதி: நாலு கிழமைக்குப் பிறகு திகதி. அதற்குள் பரவுமா?

முதல் பதிலை வாசியுங்கள், மகள்.

கல்லடி: பரிசாரியார் ஒருவர் ஒரு மண்டலம் மருந்து குடித்தால் ஒப்பரேஷனே தேவையில்லை என்கிறார்.

அந்த 48 நாளைத்தான் நான் பயப்படுகிறேன். எந்தக் கஷாயமும் இந்தக் கட்டியைக் கரைக்காது. சில மருந்துகள் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், பிறகு புற்றுநோய் மருந்து ஏற்ற முடியாமல் போகும். ஏற்கெனவே குடித்திருந்தால் வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

திருக்கோவில், மனைவிக்காக: மகரகம அபேக்ஷாவுக்கு அனுப்புகிறார்கள். கொழும்பில் ஒருவரையும் தெரியாது. சிங்களமும் வராது.

தம்பி, முதலில் கடிதங்கள். பயொப்சி றிப்போட், ஸ்கான் படம், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் கொப்பி எடுங்கள், ஒறிஜினலை ஒருவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். போனிலும் படம் எடுத்து வையுங்கள். பயொப்சித் தசை வைத்த கண்ணாடித் துண்டையும் மெழுகுக் கட்டியையும் மகரகமவில் கேட்டிருந்தால், அதை ஆய்வுகூடத்தில் கடிதம் கொடுத்துப் பெறவேண்டும், அதற்கே நாள் ஆகும், முன்கூட்டியே போங்கள். மட்டக்களப்பிலிருந்து இரவு ரயில் இருக்கிறது, பஸ்ஸில் இடுப்பு முறிய இருப்பதைவிட அவருக்கு அது சுகம். சிங்களம் தெரிந்த ஒருவரை முதல் நாளுக்காவது கூட்டிப் போங்கள், முடியாவிட்டால் வருத்த விபரத்தை ஒரு தாளில் சிங்களத்தில் எழுதுவித்துக் கொண்டுபோங்கள்.

கதிர்ச்சிகிச்சை என்றால் கிழமையில் ஐந்து நாள், ஐந்து கிழமை அளவு, அதன் பிறகு உள்ளே வைத்துக் கொடுக்கும் கதிர் வேறு. தொடங்கினால் எல்லாம் சேர்த்து எட்டுக் கிழமைக்குள் முடியவேண்டும், இடையில் வீட்டு விசேடம் என்று வரக்கூடாது. ஆகவே தங்குகிற இடத்தைப் பற்றி அங்குள்ள தாதியரிடமும் சமூகசேவை உத்தியோகத்தரிடமும் முதல் நாளே கேளுங்கள். அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு இல்லை. வேறு செலவுக்கு ஜனாதிபதி நிதியத்துக்கு உங்கள் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாமா என்று கேளுங்கள்.

களுதாவளை: வைகாசியில் அம்மன் சடங்கு. நேர்த்தி இருக்கிறது. திகதியைத் தள்ளட்டா?

தள்ளாதீர்கள். நேர்த்தியை அடுத்த வருடச் சடங்கில் தீர்க்கலாம்.

நிந்தவூர்: மகள் 6ஆம் தரம். பள்ளிக்கூடத்தில் எச்பிவி தடுப்பூசிக் கடிதம் வந்திருக்கு.

ஒப்பமிட்டு அனுப்புங்கள். 2017இலிருந்து இலங்கையில் கொடுக்கிறார்கள். நீங்களும் 35 வயது தாண்டியிருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சுகவனிதையர் கிளினிக் நாளைக் கேளுங்கள்.

பெயர் போடாத ஒருவர்: மார்பில் கட்டி, நோவு இல்லை.

நோவு இல்லாவிட்டாலும் இந்தக் கிழமையே காட்டுங்கள். இந்தக் கேள்வி பதிலில் அதற்கு என்னால் நியாயமாகப் பதில் சொல்ல முடியாது.

மண்டூர்: மூன்று கிழமை இருக்கு. பரவுமா, சிஸ்டர்?

பரவுமா என்ற கேள்விக்கு இனித் தனித்தனியாக எழுத மாட்டேன். முதல் பதில் எல்லோருக்கும்தான்.

சம்மாந்துறை: "கோல் எடுப்போம், வாங்கோ" என்று சொன்னார்கள். ஆறு கிழமை ஆகிறது. கோல் வரவில்லை. கேட்டால் கோபிப்பார்களோ?

நாளைக் காலை நீங்களே போங்கள், ராத்தா. போனில் கேட்டுவிட்டு இருக்காதீர்கள். கடிதம் போனதா, எந்தத் திகதியில் போனது, யாருக்குப் போனது, இந்த மூன்றையும் கேட்டு, சொன்னவரின் பெயரையும் சேர்த்துக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் போன் நம்பர் சரியாக இருக்கிறதா என்று அவர்களை வாசித்துக்காட்டச் சொல்லுங்கள், ஒரு இலக்கம் பிழைத்து மாதக்கணக்கில் காத்திருந்தவர்களைத் தெரியும். மகனுடைய நம்பரையும் கொடுங்கள். கடிதம் போகவே இல்லை என்றால், உங்களை அனுப்பிய வைத்தியரை அன்றைக்கே பார்த்துப் புதுக் கடிதம் வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள்.