ஜோடி சேர்ந்தால்தான் பிழைப்பு: இரட்டையர் டென்னிஸ் கேள்வி பதில்

சார், தம்பிக்கு 22 வயது. ஒற்றையர் தரவரிசையில் 700-க்குப் பின்னால் நிற்கிறான். இரட்டையருக்கே போகச் சொல்லலாமா?

அவசரப்படாதீர்கள். ரிட்டர்னும் (எதிராளியின் சர்வைத் திருப்பி அடிப்பது) கால்வேகமும் ஒற்றையரில்தான் தேறும். சானியா மிர்சா ஒற்றையரை விட்டது 2013-ல், 26 வயதில், அதுவும் காயங்களால். அதற்கு முன்பே 27-ஆம் இடம் வரை போய்வந்தவர். இன்னொன்று, இரட்டையர் டிராவில் (போட்டியில் ஆடுவோர் பட்டியல்) நுழைய ஒற்றையர் தரவரிசையையும் காட்டலாம். அதை ஏன் வீணாக்க வேண்டும்?

டிராவில் இடம் எப்படிக் கிடைக்கிறது?

இருவர் தரவரிசையையும் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைந்த ஜோடிக்கு முன்னுரிமை. நீங்கள் 60, கூட்டாளி 45 என்றால் 105. அவர் கடைசி நேரத்தில் வேறொருவருடன் போய்விட்டு, உங்களுக்கு 120-இல் இருப்பவர்தான் அகப்பட்டால் 180. பெரும்பாலான ஏடிபி 250 போட்டிகளில் (ஆண்கள் டூரில், வென்றால் 250 தரவரிசைப் புள்ளி தருபவை) மொத்தமே 16 ஜோடி. ஒற்றையரில் 30, 40-இல் இருக்கும் இரண்டு பேர் சேர்ந்து பெயர் கொடுத்தால், விளிம்பில் நின்ற ஜோடி வெளியே. அதனால்தான் வாரக்கணக்கில் முன்பே ஜோடி பேசி முடிக்கிறார்கள். கல்யாணப் பேச்சு தோற்றது.

பாதியில் பிரிந்தால் புள்ளி யாருக்கு?

இருவருக்கும் முழுதாக. 250 போட்டியை வென்றால் ஆளுக்கு 250. 52 வாரம் கணக்கில் நிற்கும், பிறகு கழியும். முதல் சுற்றில் தோற்றால் சுழிதான்.

ரோஹன் போபண்ணா 43 வயதில் இரட்டையர் தரவரிசையில் எப்படி முதலிடம் பிடித்தார்?

2024 ஆஸ்திரேலிய ஓபனை மாத்யூ எப்டனுடன் வென்ற கையோடு வந்த இடம் அது. ஓட வேண்டியது பாதித் தளம். டூர் போட்டிகளில் 40-40 ஆனால் ஒரே புள்ளியில் கேம் முடியும். மூன்றாவது செட்டுக்குப் பதில் 10 புள்ளி டைபிரேக், அதாவது கேம் கணக்கில்லாமல் புள்ளிகளை மட்டும் எண்ணி முடிவு காண்பது. விம்பிள்டன்கூட 2023-ல் ஆண்கள் இரட்டையரை ஐந்து செட்டிலிருந்து மூன்றாகக் குறைத்தது. முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்த மனிதருக்கு இந்தக் கணக்கு ஒத்துவந்தது. கூடவே ஐயங்கார் யோகா.

அண்ணா, 'ஐ ஃபார்மேஷன்' (சர்வ் போடுபவரும் நெட்டில் இருப்பவரும் நடுவில் ஒரே நேர்கோட்டில் நிற்பது) ஆடினால் எங்களுக்கு அடிதான் விழுகிறது. எங்கே தப்பு?

மூன்று இடத்தைப் பாருங்கள். சர்வ் போடுபவர் பேஸ்லைனின் நடுக்குறிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். நெட்டில் இருப்பவர் நடுக்கோட்டை ஒட்டி, தலை நெட்டின் மேல் விளிம்புக்குக் கீழே போகும் அளவு குந்த வேண்டும். நடுவில் நெட் உயரம் 3 அடிதான். நிமிர்ந்தால் கூட்டாளியின் சர்வ் பின்மண்டையில் விழும். சர்வ் நடுக்கோட்டை ஒட்டியே போகட்டும். வைடாகப் போட்டால் எதிராளிக்குக் கோணம் திறந்துவிடும், குந்தியிருப்பவர் எந்தப் பக்கம் பாய்ந்தும் பயனில்லை. அடிக்கடி நடக்கும் தப்பு, சீக்கிரம் கிளம்பிவிடுவது. எதிராளி பந்தை அடிக்க ராக்கெட்டை முன்னே கொண்டுவரும் கணத்தில்தான் எழ வேண்டும். எந்தப் பக்கம் என்பதை முதுகுக்குப் பின்னால் விரலால் முன்பே காட்டிவிடுங்கள். நெட்டில் இருப்பவர் இடப்பக்கம் பாய்ந்தால் சர்வ் போட்டவர் வலப்பக்கம் ஓட வேண்டும். இதை மறந்தால் பாதித் தளம் காலி.

10 புள்ளி டைபிரேக்கில் எங்கள் அணியில் யார் முதலில் சர்வ் போடுவது?

எந்த அணி தொடங்கும் என்பது பழைய வரிசைப்படி. ஆனால் அணிக்குள் யார் முதலில் என்பதைப் புது செட் போலவே மாற்றிக்கொள்ளலாம். ரிட்டர்ன் பக்கத்தையும் மாற்றலாம். கிளப் ஆட்டங்களில் பலருக்கு இது தெரிவதில்லை.

வருமானம்?

2024 விம்பிள்டனில் ஒற்றையர் சாம்பியனுக்கு 27 லட்சம் பவுண்டு. இரட்டையர் ஜோடிக்கு 6.5 லட்சம், அதையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஆளுக்கு எட்டில் ஒரு பங்குகூட வராது. ஒரே பயிற்சியாளரை இருவரும் பங்குபோட்டுக்கொள்வது இதனால்தான்.

ஒற்றையர் நட்சத்திரங்கள் சேர்ந்து வந்தால் நிபுணர்கள் தாங்குவார்களா?

2025 யு.எஸ். ஓபன் கலப்பு இரட்டையரில் 16 ஜோடிதான். அதில் 8 இடம் ஒற்றையர் தரவரிசையைப் பார்த்துக் கொடுத்தது. பரிசு 10 லட்சம் டாலர். இரட்டையரையே நம்பி வாழ்பவர்கள் கொதித்ததில் நியாயம் இருக்கிறது. இறுதியில் ஸ்வியாடெக்-ரூட் ஜோடியை வீழ்த்தியது முந்தைய ஆண்டு சாம்பியன்களான எர்ரானியும் வவசோரியும்: 6-3, 5-7, 10-6.