கேம் செய்பவர்களைத் தலைவராக்கலாமா? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் ஒரு வீடியோ கேம் ஸ்டுடியோவில் பத்து வருடத்துக்கு மேலாக புரோகிராமராக இருக்கிறேன். இப்போது ஸ்டுடியோவின் தலைவர் பொறுப்புக்கு என்னை வரச் சொல்கிறார்கள். எனக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவரும் அருமையான டிசைனர்தான். அவர் தலைவராகி இரண்டு வருடத்தில் பாதி டீம் வேலையை விட்டுப் போய்விட்டது. "கேம் செய்யறவன் கேமோட நிக்கணும், நிர்வாகத்துக்குன்னு படிச்சவங்க இருக்காங்க" என்கிறார்கள் நண்பர்கள். அப்படியானால் புரோகிராமராக இருந்து, ஜப்பானிய கேம் கம்பெனியான நிண்டெண்டோவின் தலைவரான இவாதா எப்படி ஜெயித்தார்? அவர் ஒரு விதிவிலக்கு மட்டும்தானா? நான் இதை ஏற்றுக்கொள்ளலாமா? (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

விதி, விலக்கு என்று பிரித்தால் இதில் பிடி கிடைக்காது, இரண்டு பக்கமும் பெரிய பெயர்கள் இருக்கின்றன. நான் வேறொன்றைப் பார்ப்பேன். அந்த ஆள் தலைவராவதற்கு முன்னால், அடுத்தவர் பாதியில் விட்ட வேலையை எப்படிக் கையாண்டார்? என் கணக்கில் திறமையின் அளவைவிட திறமையின் வகைதான் முக்கியம்.

இவாதாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வேலை பார்த்த ஹால் லேபரட்டரி என்ற சின்ன கேம் கம்பெனி 1992-இல் திவாலாகும் நிலைக்கு வந்துவிட்டது, கடன் சுமார் 150 கோடி யென். உதவ முன்வந்த நிண்டெண்டோவின் தலைவர் யமவூச்சி, இவாதாவைத் தலைவராக்கினால்தான் கை கொடுப்பேன் என்றார். 33 வயது புரோகிராமர், நிர்வாகத்தில் அனுபவம் கிடையாது. அவர் முதலில் செய்தது, கம்பெனியில் இருந்த ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியது. சிலருக்கு இருபது நிமிடம் போதும், சிலருக்கு மூன்று மணி நேரம் ஆகும். நீங்கள் இப்போது சந்தோஷமாக இருக்கிறீர்களா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அதோடு விடாமல், வருடத்துக்கு இரண்டு முறை இதே மாதிரி எல்லோரிடமும் பேசுவதை வழக்கமாக்கிக்கொண்டார். கடன் ஆறு வருடத்தில் அடைந்தது.

இதை வெறும் நல்ல குணம் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அவர் புரோகிராமராகப் பேர் வாங்கியதும் இதே வழியில்தான். 'மதர் 2' என்ற கேம் வருடக்கணக்காக இழுத்துக்கொண்டு முடியாமல் கிடந்தபோது இவாதாவைக் கூப்பிட்டார்கள். இருக்கிற கோடை, அதாவது எழுதிவைத்த நிரலை, வைத்தே சரிசெய்தால் இரண்டு வருடம், முதலிலிருந்து எழுத விட்டால் அரை வருடம், எது வேண்டும் என்று கேட்டார். தேர்வை அங்கே ஏற்கெனவே உழைத்தவர்களிடமே விட்டதைக் கவனியுங்கள். "உங்கள் கோடு தேறாது" என்று உள்ளே நுழைந்திருந்தால் அந்த டீம் அன்றைக்கே உடைந்திருக்கும். புதிதாக எழுதலாம் என்று முடிவானதும், மற்றவர்கள் வேலையைத் தொடர்வதற்கான கருவிகளை அவர் முதலில் செய்து கொடுத்தார். கேம் 1994-இல் வெளிவந்தது.

போக்கிமான் ஸ்டேடியம் என்ற கேமுக்காக, கேம் பாய் என்ற கைக்கருவியில் ஓடிய போக்கிமான் கேமின் சண்டைப் பகுதியை நிண்டெண்டோ 64 என்ற வேறொரு கருவிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தபோதும் அவர்தான் செய்தார். ஆவணம் எதுவும் கிடையாது, இன்னொருவர் எழுதிய கோடைப் படித்தே ஒரு வாரத்தில் ஓடவைத்தார், அதுவும் ஒரு கம்பெனியின் தலைவராக இருந்துகொண்டே. 2001-இல், நிண்டெண்டோவுக்கே போய்விட்ட பிறகு, ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ என்ற கேம் தேதிக்குள் வராது என்று தெரிந்ததும் யமானாஷியில் உள்ள பழைய கம்பெனிக்குப் போய் மூன்று வாரம் பக் (நிரலில் உள்ள பிழை) பிடித்துக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் நிண்டெண்டோவின் தலைவரானார். யமவூச்சி குடும்பத்துக்கு வெளியிலிருந்து அந்த நாற்காலிக்கு வந்த முதல் ஆள் அவர்தான். டிஎஸ், வீ என்ற கேம் கருவிகள் இரண்டுமே அவர் காலத்தில் வந்து பத்துக் கோடிக்கு மேல் விற்றவை.

அவருக்கும் அடி விழுந்தது. 25,000 யென்னுக்கு வந்த 3டிஎஸ் என்ற அடுத்த கைக்கருவியின் விலையை 2011-இல் ஆறே மாதத்தில் 15,000 ஆக்க வேண்டியதாயிற்று, தன் சம்பளத்தில் பாதியை வெட்டிக்கொண்டார். வீ-க்கு அடுத்து வந்த வீ யு கருவி தோற்றபோது 2014-இல் மறுபடியும் பாதி வெட்டு. ஆள்குறைப்பு செய்யலாமே என்று பங்குதாரர்கள் கேட்டதற்கு, வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டிருப்பவர்களால் உலகம் ரசிக்கும்படி ஒன்றைச் செய்ய முடியாது என்ற பொருளில் பதில் சொன்னார். அந்த பயம் ஆளை என்ன செய்யும் என்று ஹால் லேபரட்டரியில் கிட்ட இருந்து பார்த்தவர் அவர்.

இப்போது, தலைவராகித் தடுமாறிய டிசைனர் ஜான் ரொமேரோ. டூம் என்ற துப்பாக்கிச் சண்டை கேமின் முதல் பகுதியில் பெரும்பாலான லெவல்கள் அவர் செய்தவை, இன்றைக்கும் அதைத் திறந்து விளையாடினால் ஒவ்வொரு கதவுக்கும் பின்னால் ஒரு யோசனை இருப்பது தெரியும். 1996-இல் அவரும் கூட்டாளிகளும் ஐயான் ஸ்டார்ம் என்ற கம்பெனியை ஆரம்பித்தார்கள். டிசைன்தான் சட்டம் என்பது அவர்கள் கொள்கை. டல்லாஸில் ஒரு கோபுரத்தின் உச்சி மாடி, கண்ணாடிக் கூரை. வெயில் நேராக இறங்கியதால் திரை தெரியாமல், வேலை செய்கிறவர்கள் தங்கள் தடுப்புகளின் மேல் கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து கோடு எழுதினார்கள். எனக்கு இந்தக் கதையில் மனதை விட்டுப் போகாதது அந்தத் துணிதான். அலுவலகம் எப்படித் தெரிய வேண்டும் என்று யோசித்த அளவுக்கு, அதில் உட்காரப்போகிறவருக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ரொமேரோவின் கேமான டைகட்டானா 1997 கிறிஸ்துமஸுக்கு வரவேண்டியது. நடுவில் இன்ஜினை, அதாவது கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருளை, மாற்றினார்கள், 1998 கடைசியில் முக்கியமானவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள், கேம் வந்து சேர்ந்தது 2000-இல். அடுத்த வருடமே டல்லாஸ் அலுவலகத்தை மூடிவிட்டார்கள்.

ஆனால் ரொமேரோவுக்கு ஒன்றைக் கொடுத்தே ஆகவேண்டும். அதே கம்பெனியின் ஆஸ்டின் கிளைக்கு வாரன் ஸ்பெக்டர் என்ற டிசைனரைக் கூப்பிட்டு, ஆசைப்பட்ட கேமைச் செய்துகொள்ளுங்கள் என்று விட்டவரும் அவர்தான். அங்கிருந்து டியூஸ் எக்ஸ் என்ற பேர்பெற்ற கேம் வந்தது. தன் கனவு நடுவில் வராத இடத்தில் அவருடைய தலைமை நன்றாகவே வேலை செய்திருக்கிறது.

சரி, உங்கள் நண்பர்கள் சொல்கிறபடி படித்தவர்கள் வந்தால்? கேம் செய்யும் இன்ஜினை விற்கிற யூனிட்டி கம்பெனியில் அப்போது தலைவராக இருந்த ரிக்கிடெல்லோ நுகர்பொருள் கம்பெனிகளில் வளர்ந்து வந்தவர். 2023 செப்டம்பரில், குறிப்பிட்ட அளவைத் தாண்டி ஓடிய கேமை யாராவது நிறுவிக்கொள்ளும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் என்று யூனிட்டி அறிவித்தது. வருடக்கணக்காக அந்த இன்ஜினை நம்பிச் சின்னச் சின்ன கேம் செய்துகொண்டிருந்தவர்கள் கொதித்துப்போனார்கள், அடுத்த மாதமே அவர் பதவியிலிருந்து போக வேண்டிவந்தது. ஒரு கேமை முடித்து விற்றுப் பிழைத்த அனுபவம் இருந்தால் அந்த அறிவிப்பு வெளியே வந்தே இருக்காது என்பது என் எண்ணம். மறுபக்கம், இவாதா 2015-இல் இறந்தபின் தலைவரான கிமிஷிமா வங்கியிலிருந்து வந்தவர், அவர் காலத்தில்தான் ஸ்விட்ச் கருவி வெளிவந்து ஓடியது. கேம் பற்றிய முடிவுகளை, மாரியோவை உருவாக்கிய மியாமோட்டோ மாதிரி தெரிந்தவர்களிடம் விட்டிருந்தார். ஆக, படிப்பும் எதையும் தீர்மானிப்பதில்லை.

அப்புறம் ஒன்று, ஒதுங்கிக்கொள்வதற்கும் விலை உண்டு. ரொமேரோவோடு டூமைச் செய்த புரோகிராமர் ஜான் கார்மாக்கை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் வேலை பார்த்த, விஆர் கண்ணாடி செய்யும் ஆக்குலஸ் கம்பெனியை 2014-இல் பேஸ்புக் வாங்கியது, 2022 டிசம்பரில் அவர் மெட்டாவை (பேஸ்புக்கின் புதுப் பெயர்) விட்டு விலகினார். விலகும்போது எழுதிய கடிதத்தில், தலைமை அலுவலகத்துக்கே குடிபோய் மேலிடத்தோடு மல்லுக்கட்டியிருந்தால் சில விஷயங்கள் நடந்திருக்கலாம், ஆனால் நான் கோடு எழுதுவதில் மும்முரமாக இருந்தேன், அந்த வேலை எனக்குப் பிடிக்காது, வராது, எப்படியும் தோற்பேன் என்று நானே எண்ணிக்கொண்டேன் என்ற பொருளில் சொல்லியிருந்தார். அதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்தது. அந்த வேலை தனக்கு வருமா என்று அவர் சோதித்தே பார்க்கவில்லை.

நீங்கள் சோதித்துப் பார்க்கலாம். பதில் சொல்லும் முன் கொஞ்சம் அவகாசம் கேளுங்கள், டீமில் மிச்சமிருக்கிறவர்களோடு ஒவ்வொருவராக உட்கார்ந்து பேசுங்கள், போனவர்களில் இரண்டு பேரோடும் பேசுங்கள். அவர்கள் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்கும்போது, ஒரு பக்கைத் துரத்தும்போது வருகிற ஆர்வம் உங்களுக்கு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் கெடுவைத் தள்ளிவைக்கவும் ஆள் எடுக்கவும் உங்களுக்கு அதிகாரம் உண்டு என்பதை முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். பேச்சு முடிவதற்குள் உங்கள் சொந்த கேமின் ஞாபகம்தான் வந்துகொண்டிருக்கிறது என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, புரோகிராமராகவே இருந்து தலைவரின் சம்பளத்துக்கு உயர வழி செய்யச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலான கம்பெனிகளில் நல்ல சம்பளத்துக்குப் போக நாற்காலியைத் தவிர வேறு வழியே வைப்பதில்லை, உங்களுக்கு முன்னால் இருந்த அந்த டிசைனரும் அப்படித்தான் போய் உட்கார்ந்தாரோ என்னவோ. முடிந்தால் அவரிடமும் பேசுங்கள்.