பதில்: மேலெழும்போது வோல்ட் சரிந்து ஜெனரேட்டர் நின்றுவிடுகிறது

ஜெனரேட்டரைக் குறை சொல்லாதீர்கள். செங்குத்தாக எழுந்து பிறகு இறக்கையில் பறக்கும் 15 கிலோ விமானம், 1 கிலோவாட் ஜெனரேட்டர், 12 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, மேலெழும்போது 50 வோல்ட் 41 ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எடையை அந்தரத்தில் நிறுத்தவே சுமார் 2.5 கிலோவாட் வேண்டும். இறக்கையில் பறக்கும்போது அதில் கால்பங்கு போதும். ஆக ஜெனரேட்டர் சராசரித் தேவைக்கு, பேட்டரி உச்சத் தேவைக்கு.

எனக்குப் பேட்டரி மேல்தான் சந்தேகம். பேட்டரி சுமார் 50 ஆம்பியர் தரும்போது 9 வோல்ட் விழுகிறது என்றால் மொத்தத் தடை 0.18 ஓம், அதாவது செல்லுக்கு 15 மில்லிஓம். நல்ல லிப்போவில் சில மில்லிஓம்தான் இருக்கும். முதலில் பேட்டரி முனையிலேயே அளந்து பாருங்கள். அங்கே வோல்ட் விழவில்லை என்றால் கனெக்டரோ வயரோதான் காரணம். எனக்கு ஒருமுறை சரியாகப் பற்றாத ஒரு சால்டர் இணைப்பு இரண்டு வாரத்தைத் தின்றது!

அப்புறம், வோல்ட் சரிந்ததும் பேட்டரி தராத மிச்சத்தையும் சேர்த்து ஜெனரேட்டரிடமிருந்து மோட்டார்கள் இழுக்கும். ஜெனரேட்டரைச் சுழற்றும் எஞ்சினின் திராட்டில் (எரிபொருள் வரத்தைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) அதற்கு ஈடுகொடுப்பதற்குள் எஞ்சின் திணறி நின்றுவிடும். ரெக்டிஃபையருக்குப் (ஜெனரேட்டரின் ஏசியை டிசியாக்கும் பாகம்) பிறகு 20 ஆம்பியரில் கரண்ட் வரம்பு வையுங்கள். தரையில் கட்டிவைத்து ஒரு நிமிடம் முழு பாரத்தில் ஓட்டிப் பார்த்து, பதிவான அளவுகளை (லாக்) இங்கே போடுங்கள்.