புகையான் வந்த வயலில் வரப்பையும் பாருங்கள்

கேள்வி: ஐயா, இரண்டு ஏக்கரில் சி.ஆர். 1009 ரகச் சம்பா நெல் நட்டு 70 நாள் ஆகிறது. ஐந்து இடத்தில் பயிர் வட்டமாகத் தீய்ந்து வருகிறது. தூரைத் தட்டினால் தண்ணீரில் புகையான் (தூரில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி) கொட்டுகிறது. நட்ட 18-ஆம் நாள் கார்டாப் பூச்சிக்கொல்லிக் குருணை போட்டேன். 40-ஆம் நாள் இலைச்சுருட்டுப் புழுவுக்கு லாம்டா சைஹலோத்ரின் அடித்தேன். இந்த வருஷம் வரப்புக்கெல்லாம் களைக்கொல்லி அடித்துப் புல் பூண்டு இல்லாமல் வைத்திருக்கிறேன். பக்கத்து வயலிலும் இதே விதைதான், அங்கே புகையான் இல்லை. கடையில் மூன்று மருந்தைக் கலந்து அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா? விதையில் கோளாறா?
– ஒரு விவசாயி, மன்னார்குடி வட்டம்

பதில்: விதையில் கோளாறு இல்லை. மூன்று மருந்துக் கலவை வேண்டவே வேண்டாம்.

முதலில் தண்ணீரை வடியுங்கள். மூன்று நாலு நாள் வயல் சேறாக மட்டும் இருக்கட்டும். எட்டடிக்கு ஒரு இடத்தில் பயிரை இரண்டு பக்கமும் ஒதுக்கி ஓரடி இடைவெளி (பட்டம்) விடுங்கள். தூரில் வெயிலும் காற்றும் பட வேண்டும். மிச்சம் இருக்கிற யூரியாவை இப்போது போடாதீர்கள். பிறகு எண்ணுங்கள். தீய்ந்த வட்டத்துக்குள் எண்ணிப் பயனில்லை, பச்சையாக நிற்கும் பகுதியில் குறுக்காக நடந்து 20 குத்து (ஓரிடத்தில் நட்ட நாற்றுக் கற்றை) பாருங்கள். குத்துக்கு ஒரு சிலந்தியாவது இருந்தால் தூருக்கு, அதாவது குத்தில் கிளைத்த ஒரு தண்டுக்கு, 2 புகையான் வரை பொறுக்கலாம். சிலந்தியே இல்லையென்றால் தூருக்கு 1 வந்தாலே அடிக்க வேண்டும். 15 தூர் உள்ள குத்தில் இந்தக் கணக்கு 30, 15 என்று வரும்.

அளவு தாண்டியிருந்தால் பைமெட்ரோசின் 50 சதவீதக் குருணைத் தூளை ஏக்கருக்கு 120 கிராம், 200 லிட்டர் தண்ணீரில் கலந்து அடியுங்கள். இறக்கையில்லாத குஞ்சுகளே அதிகம் என்றால் புப்ரோபெசின் 25 எஸ்.சி. (நீர்ம மருந்து) ஏக்கருக்கு 320 மில்லி போதும். இரண்டில் ஒன்றுதான். வட்டங்களிலும் அவற்றைச் சுற்றிப் பத்தடியிலும் அடித்தால் போதும், மற்ற இடத்தை விட்டுவையுங்கள். விசைத்தெளிப்பானைத் தூருக்கு நேராகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். இலைமேல் படுகிற மருந்து புகையானுக்குப் போய்ச் சேராது. முட்டைகள் இலை உறைக்குள் இருப்பதால் எந்தத் தெளிப்பும் அவற்றைத் தொடாது. ஏழிலிருந்து ஒன்பது நாளில் பொரிந்துவிடும், அதனால் பத்தாம் நாள் மறுபடி எண்ணியாக வேண்டும். தீய்ந்த வட்டம் திரும்பப் பச்சையாகாது. அது பரவாமல் காப்பதுதான் இப்போது உள்ள வேலை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். பக்கத்து வயலில் ஏன் வரவில்லை என்பதைத்தான் நீங்கள் முதல் கேள்வியாகக் கேட்டிருக்க வேண்டும்.

வயலில் எத்தனை வகை நன்மை செய்யும் பூச்சி இருக்கிறது என்று எண்ணுவதைவிட, எந்தெந்த வேலைக்கு ஆள் இருக்கிறது என்று பார்ப்பது முக்கியம். தண்ணீர்மேல் ஓடும் சிறு பூச்சி, கீழே விழுகிற குஞ்சைப் பிடிக்கும். தூரில் ஏறி இறங்கும் ஓநாய்ச் சிலந்தி நாளுக்கு 5 முதல் 15 இரை பிடிக்கும். மேலே வலைச் சிலந்தியும் ஊசித்தட்டானும். ஆனால் இலை உறைக்குள் இருக்கும் முட்டையை இவற்றில் எதுவும் தொட முடியாது. அதற்குப் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும், கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள முட்டைக் குளவியும் வேண்டும். சிலந்தியில் இருபது வகை இருந்தாலும் இந்த இரண்டும் போய்விட்டால் முட்டை வேலைக்கு ஆள் கிடையாது.

அந்த இரண்டுக்கும் வீடு வரப்புதான். நெல் இல்லாத காலத்தில் வரப்புப் புல்லில் இருக்கும் வேறு தத்துப்பூச்சிகளின் முட்டையில்தான் அந்தக் குளவி தலைமுறை ஓட்டுகிறது. பூத்தேன் கிடைத்தால் அதிக நாள் வாழும். நீங்கள் களைக்கொல்லி அடித்துச் சுத்தம் செய்தது அந்த வீட்டைத்தான். வெறும் மண்ணாகக் கிடக்கும் வரப்பைச் சுத்தம் என்று பாராட்டும் பழக்கம் டெல்டாவை விட்டுப் போக வேண்டும்.

அடுத்து, குருணை. நட்ட முதல் மாதம் வயலில் புகையான் அதிகம் இருக்காது. அப்போது சிலந்தி எதைத் தின்னும்? தொழுவுரமும் மடக்கி உழுத தக்கைப்பூண்டுப் பசுந்தாளும் அழுகும்போது அந்தச் சேற்றுப் புழுக்களிலிருந்து எழும் சின்ன ஈக்களைத்தான் தின்று பெருகும். புகையான் வரும்போது படை தயாராக நிற்கும். 18-ஆம் நாள் குருணை அந்த ஈக்களோடு படையின் சாப்பாட்டையே அழித்துவிட்டது. கடைகளில் "முன்னெச்சரிக்கை" என்று சொல்லி விற்பது இதைத்தான். பூச்சியே இல்லாத வயலுக்கு மருந்து விற்பது விவசாயியின் பணத்தைப் பிடுங்குவது.

40-ஆம் நாள் அடித்த லாம்டா மீதியை முடித்தது. அது பைரித்திராய்டு வகைப் பூச்சிக்கொல்லி. பைரித்திராய்டு மருந்துகளுக்குப் பிறகு புகையான் கூடுதலாக முட்டையிடுவது சோதனைகளில் பலமுறை தெரிந்த விஷயம். இந்தோனேசியா 1986-இல் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்ததே, அவை புகையானைப் பெருக்கியதால்தான். இலைச்சுருட்டுக்கு நூறு இலையில் பத்து பாதித்தால்தான் அடிக்க வேண்டும். அந்த வயதில் பயிர் புது இலை விட்டு ஈடுகட்டிக்கொள்ளும்.

அடுத்த சம்பாவுக்கு: நடவுக்கு முன் ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம், அல்லது 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் சமயத்தில் மடக்கி உழுங்கள். முதல் 40 நாள் பூச்சிக்கொல்லியைக் கையில் எடுக்காதீர்கள். வரப்புக்குக் களைக்கொல்லி வேண்டாம், அரிவாள் போதும். அதையும் ஒரே நாளில் எல்லா வரப்பிலும் அறுக்காமல், ஒன்று விட்டு ஒன்றாகப் பதினைந்து நாள் இடைவெளியில் அறுங்கள். ஓரத்தில் தட்டைப்பயறு, உளுந்து, செண்டுமல்லி போடுங்கள். சீனா, தாய்லாந்து, வியட்நாமில் நான்கு ஆண்டு நடந்த வரப்புப் பூச்செடிச் சோதனையில் பூச்சிக்கொல்லி 70 விழுக்காடு குறைந்தது, விளைச்சல் 5 விழுக்காடு கூடியது. எள் நல்ல தேன் தரும், ஆனால் வடகிழக்குப் பருவமழையில் வேர் அழுகிவிடும். மேட்டு வரப்பில் மட்டும் போடுங்கள்.

எலி வரும் என்று பயந்து பலர் வரப்பில் செடி வளர்ப்பதைக் கைவிடுகிறார்கள். எலி வளை தோண்டுவது அகலமான வரப்பில். ஒன்றரை அடி அகலம், ஓரடி உயரத்துக்குமேல் வரப்பு போடாதீர்கள். செடி அடியை மூடிப் படரவிடாமல் இடைவெளி விட்டு வைத்தால் வளை வாய் கண்ணுக்குத் தெரியும், உடனே அடைத்துவிடலாம்.