லினக்ஸ் கணினிக்கு ஃபைபர்: தனிக் கட்டணம் எதற்கு?

கேள்வி: டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்திருக்கிறது. வீடு தேடி வந்த விற்பனையாளர், என் கணினியில் உபுண்டு (லினக்ஸின் ஒரு வகை) இருப்பதைப் பார்த்து, "லினக்ஸுக்கு ஆள் வந்துதான் அமைக்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம்" என்றார். நேற்றுக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். கொடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: கொடுக்காதீர்கள். சுவரில் மாட்டும் ஓ.என்.டி. பெட்டியோடு ஃபைபரின் வேலை முடிகிறது. அங்கிருந்து ரூட்டருக்குப் போவது சாதாரண ஈதர்நெட் கேபிள். இணையத்தில் உள்நுழைவது ரூட்டர்தான், கணினி அல்ல. உபுண்டுவில் கேபிளைச் செருகினால் நெட்வொர்க் மேனேஜர் தானாகவே ஐ.பி. முகவரியை வாங்கிக்கொள்ளும். ரூட்டரின் அமைப்புப் பக்கம் எந்தப் பிரவுசரிலும் திறக்கும். அந்தப் பக்கத்தின் முகவரியும் கடவுச்சொல்லும் பெரும்பாலும் ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்.

வாசலில் வந்து விற்றதால் இன்னொரு வழியும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 16-ஆம் பிரிவின்படி, நேரடி விற்பனையில் போட்ட ஒப்பந்தத்தை 5 வேலை நாட்களுக்குள் காரணம் சொல்லாமல், அபராதம் இல்லாமல் ரத்து செய்யலாம். எழுத்தில் அனுப்புங்கள்; வாய்ச்சொல் போதாது.

ஒப்பந்தம் வேண்டுமென்றால் சிலவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நம் நாட்டில் கம்பி ஓப்பன்சர்வ், வூமாடெல் போன்றவர்களுடையது. சேவை விற்பவர் வேறு. அதனால் உங்கள் கம்பி யாருடையது, உள்நுழைவு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பி.பி.பி.ஓ.இ. முறையா, முகவரி தானாகவே கிடைக்கும் டி.எச்.சி.பி. முறையா என்று தெரிய வேண்டும். ரூட்டர் உங்களுக்கே சொந்தமா, இரவலா? இடையில் நிறுத்தினால் "இலவசமாக" மாட்டிய செலவைத் திருப்பிக் கேட்பார்களா? பெரும்பாலானோர் ஏமாறுவது இந்தக் கடைசிக் கேள்வியில்தான்.

கேள்வி: ரூட்டர் பழுதாகிவிட்டது. கேபிளை ஓ.என்.டி.யிலிருந்து நேரே லினக்ஸ் கணினியில் செருகினேன், இணையம் வரவில்லை.

பதில்: டி.எச்.சி.பி. முறையென்றால் ஓ.என்.டி.யை அணைத்துச் சில நிமிடம் விட்டு ஏற்றுங்கள். பழைய ரூட்டரின் மேக் முகவரியையே (கருவியின் அடையாள எண்) சேவையாளர் இன்னும் நினைவில் வைத்திருக்கலாம். அப்படியும் வராவிட்டால் சேவையாளரை அழைத்து அந்த முகவரியை நீக்கச் சொல்லுங்கள்.

பி.பி.பி.ஓ.இ. என்றால் இணைப்பை நீங்களே உருவாக்க வேண்டும். உபுண்டுவின் வழக்கமான செட்டிங்ஸில் இதற்கு இடம் கிடையாது. அட்வான்ஸ்டு நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் என்ற கருவியைத் திறந்து, கூட்டல் குறியை அழுத்தி, டி.எஸ்.எல்./பி.பி.பி.ஓ.இ. வகையைத் தேர்ந்தெடுங்கள். ஈதர்நெட் அட்டை, பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் கொடுங்கள். பயனர் பெயரில் 'அட்' குறிக்குப் பின்னால் வரும் பகுதியை விட்டுவிட்டால் உள்நுழைய முடியாது. எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால், ரூட்டரின் பழைய அமர்வு இன்னும் அறுபடாமல் இருக்கலாம், சற்றுப் பொறுங்கள்.

இணைந்த பிறகு சில தளங்கள் திறந்து, வங்கித் தளம் மட்டும் பாதியில் நின்றால் எம்.டி.யு. (ஒரே பொட்டலத்தில் அனுப்பக்கூடிய அதிகபட்ச அளவு) பிரச்சினையாக இருக்கலாம். ஈதர்நெட்டின் 1500 பைட்டில் பி.பி.பி.ஓ.இ. தலைப்பு 8 பைட்டை எடுத்துக்கொள்கிறது, மிச்சம் 1492. பொட்டலத்தைத் துண்டாக்கத் தடைபோட்டு 1464 பைட் பிங் (சோதனைச் செய்தி) அனுப்புங்கள். (அதோடு 28 பைட் தலைப்பு சேரும்.) போகவில்லையென்றால், போகும்வரை எட்டெட்டாகக் குறையுங்கள். கடைசியில் போன எண்ணோடு 28 கூட்டி, அதை இணைப்பின் பி.பி.பி. அமைப்பில் எம்.டி.யு., எம்.ஆர்.யு. (பெறும் பொட்டலத்தின் அளவு) இரண்டுக்கும் கொடுங்கள்.

ரூட்டர் இல்லாதபோது கணினி நேரே இணையத்தின் முன் நிற்கிறது. உபுண்டுவில் யு.எஃப்.டபிள்யூ. தீயரண் இருக்கிறது, ஆனால் அணைந்தே வருகிறது. கேபிளைச் செருகும் முன்னரே அதை இயக்கிவிடுங்கள்.

கேள்வி: வைஃபைக்கு யு.எஸ்.பி. அடாப்டர் வாங்கலாமா?

பதில்: ரூட்டர் பக்கத்தில் இருந்தால் கேட்-5இ கேபிள் வாங்குங்கள், 100 மீட்டர் வரை 1 கிகாபிட் தாங்கும், டிரைவர் தொல்லை இல்லை. அடாப்டர்தான் வேண்டுமென்றால் அட்டைப்பெட்டியின் பிராண்டைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் சிப்பைக் கேளுங்கள். மீடியாடெக் எம்.டி. 7612யு சிப்புக்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே உள்ளது. சில ரியல்டெக் சிப்புகளுக்கு டிரைவரை வெளியிலிருந்து சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தால், கெர்னல் புதுப்பித்ததும் வைஃபை காணாமல் போகலாம். சிப்பின் பெயரைச் சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம்.