நைட்ரோஃபுரான்டோயின் 2 நாள் போட்டதும் நீர்க்கடுப்பு நின்றுவிட்டது, சிறுநீர் பழுப்பாகப் போகிறது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம். உங்கள் சீட்டில் இருப்பது எஸ்ஆர் 100 மி.கி., காலை ஒன்று, இரவு ஒன்று, 5 நாள். மொத்தம் 10. கிருமி முழுதாக ஒழியும் முன்பே எரிச்சல் அடங்கிவிடும். அதை நம்பி நிறுத்தினால் மிச்சமிருப்பது மறுபடி பெருகலாம்.

பழுப்பு நிறம் மருந்தின் நிறம்தான், முடிந்ததும் போய்விடும். ஆனால் கண் மஞ்சளாவது, ஆளே வெளிறிச் சோர்வது இதோடு சேர்ந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு என்சைம்) குறைபாடு இருப்பவர்களுக்கு இது சிவப்பணுக்களை உடைக்கும், அவர்கள் தொடவே கூடாது. பிரசவ நாள் நெருங்கிய கர்ப்பிணிகளுக்கும் ஆகாது.

சாப்பாட்டோடு போடுங்கள்: குமட்டல் குறையும், மருந்தும் உடம்பில் நன்றாகச் சேரும். எஸ்ஆர் என்றால் மெல்ல மெல்லக் கரைவது, அதனால் உடைக்கவோ மெல்லவோ கூடாது. கடைக்காரர் எஸ்ஆர் இல்லாத சாதா 100 எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது ஒரு நாளைக்கு 4 வேளைக் கணக்கு. ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகப் போட வேண்டாம்.

எரிச்சலுக்கென்று தண்ணீரில் கலந்து குடிக்கும் சிரப் ஒன்றையும் பல இடங்களில் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அது சிட்ரேட், சிறுநீரைக் காரமாக்கும். இந்த மாத்திரைக்கோ அமிலச் சிறுநீர்தான் தோது. ஒன்று இழுக்க இன்னொன்று தள்ளுகிற கதை. சிரப் தேவைதானா என்று டாக்டரிடம் கேளுங்கள். மெக்னீசியம் டிரைசிலிகேட் உள்ள நெஞ்செரிச்சல் மருந்துகளும் வேண்டாம், அவை இந்த மருந்தை உடம்பு உறிஞ்சவிடாது.

இந்த மருந்து சிறுநீரில்தான் செறிவாகச் சேரும்; ரத்தத்திலும் திசுக்களிலும் அளவு மிகக் குறைவு. அதனால் சிறுநீர்ப்பைத் தொற்றோடு இதன் வேலை முடிந்தது. குளிர்காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி வந்தால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அதற்கு வேறு மருந்து வேண்டும், உடனே போங்கள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு மருந்து சிறுநீருக்கே சரியாக வந்து சேராது, ரத்தத்தில் தங்கிக் கெடுதல் செய்யும். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) அதிகமென்று யாராவது சொல்லியிருந்தால் அடுத்த மாத்திரைக்கு முன் டாக்டருக்குத் தெரியப்படுத்துங்கள்.

நடுவில் புதிதாக வறட்டு இருமல், மூச்சுத்திணறல், கை கால் மரத்துப்போதல் வந்தால் மட்டும் 5 நாள் கணக்குப் பார்க்காமல் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.